ஒரு விளையாட்டு, இரு கணினிகள்

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986-இல் தொடங்கப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கியை வானியலாளர் பலரும் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்டே பயன்படுத்துகின்றனர். இல்லங்களிலும் இந்த ஒழுங்கு தேவைப்படுகிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிக் கணினி இருக்கலாம். வாங்கிய விளையாட்டோ ஒன்றே!

கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' தளம் 2024-இல் கொணர்ந்த குடும்பத் திட்டத்தில் அறுவர் வரை சேரலாம். ஒருவர் வாங்கியதை, அதன் தயாரிப்பாளர் அனுமதித்திருப்பின், மற்றவரும் ஆடலாம். ஆயினும் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவரே ஆட இயலும்; இருவரும் ஒருசேர ஆட இரு பிரதிகள் வேண்டும்.

இரவல் பெற்ற தம்பி மோசடியாக ஆடித் தடைக்குள்ளானால், உரிமையாளரான அண்ணனும் அவ்விளையாட்டில் தடை செய்யப்படுவார். ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஆடும் நேரத்தை மட்டும் பங்கிட்டால் போதாது. இரவல் பொருள் அமானிதம் என்பதையும் உணர்த்துங்கள்.