நோட்டுப் பக்கமும் வாய்தா தேதியும்

தனி ஆள் தொழில் – 17

காட்பாடியில் 'மணமுறிவு வழிகாட்டி' என்று பலகை மாட்டினால் பகலில் ஒருவரும் படியேற மாட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் போகிறவர் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு யாரையாவது தெரிந்திருக்கும். அதனால் போனில்தான் வருவார்கள். ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகு வருவார்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. அந்த நேரத்தில் வழிகாட்டி இன்னொருவரோடு பேசிக்கொண்டிருப்பார். தனி ஆளாக இந்தத் தொழிலை நடத்துகிறவர் ஒரு உதவியாளரைத் தேட ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் டைவர்ஸ் கோச்சிங் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நம்மூரில் அந்த வேலையைப் பெரியப்பாவும் பஞ்சாயத்தும் ஜமாத்தும் பாதிரியாரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஆனால் காகிதம், தேதி, படி எடுப்பது, 'வாய்தா என்னிக்கும்மா' என்று நினைவுபடுத்துவது எல்லாம் வக்கீல் குமாஸ்தாவின் தலையில். இன்றைய விர்ச்சுவல் அசிஸ்டெண்ட், ஆபீசுக்கு வராத குமாஸ்தாதான். குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே ஒருவர் இதைச் செய்யலாம். லேப்டாப், நல்ல இணைப்பு, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை போதும். அந்தக் கதவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எல்லைக்கோடு. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி வாதாடுவதும் சட்டத்தொழில் செய்வதும் வழக்கறிஞருக்கு மட்டுமே உரியவை. வழிகாட்டி மனு எழுதித் தரக்கூடாது. 'இவ்வளவு ஜீவனாம்சம் கிடைக்கும்' என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. வழிகாட்டிக்கே இல்லாத உரிமை உதவியாளருக்கு எங்கிருந்து வரும்? இதை வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் போனில் அழுகிற பெண்ணிடம் ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். அந்த ஆறுதல் பல சமயம் தப்பான சட்ட ஆலோசனையாகவும் இருந்துவிடும்.

பிறகு தேதிகள். இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டுமானால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாம் முறை கோர வேண்டும். அந்த 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தளர்த்தச் சொல்லிக் கேட்பது வக்கீல் வேலை. எந்தத் தேதி எப்போது முடிகிறது என்று அட்டவணையில் வைத்திருப்பது உதவியாளர் வேலை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும். சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வந்து நின்ற பிறகு 'தள்ளி வச்சுட்டாங்க' என்று கேட்கிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது. முந்தின நாள் மாலை ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தால் போயிருக்காது.

எந்தச் சட்டம் என்பதும் இந்தப் பகுதியில் முதல் கேள்வியிலேயே வர வேண்டும். இங்கே வருகிறவர்களில் சிலர் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவார்கள். சிலர் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், சிலர் 1869-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ மணமுறிவுச் சட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் முஸ்லிம் பெண்கள் நிறைய. தனியார் ஷரியத் கவுன்சில் ஒன்று கொடுத்த குலா (மனைவி கோரும் மணமுறிவு) சான்றிதழை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்றது. கையில் அப்படியொரு காகிதத்தை வைத்துக்கொண்டு 'எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்று நம்பியிருக்கிற பெண்ணை உடனே வக்கீலிடம் அனுப்ப வேண்டும். அதை அடையாளம் காண்கிற அளவுக்காவது உதவியாளருக்குப் பயிற்சி வேண்டும்.

என் கணக்கில் உதவியாளர் தன் சம்பளத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிற இடம் வேறு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் வரிசையாகச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு நாள் வேலை. ஆம்பூர் பக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிற பெண்ணுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று, கொடுப்பவர் ஏஜென்ட், கணக்கு இருப்பது அவருடைய நோட்டில், பெரும்பாலும் பென்சிலில். கணவன் தரப்பு 'இவள் மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கிறாள்' என்று சொல்லிவிட்டால் மறுக்க என்ன இருக்கிறது?

அந்த நோட்டுப் பக்கம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 14-ஆவது பிரிவில், தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதினால் எந்த ஆவணத்தையும் ஏற்கலாம் என்கிறது. சாட்சியச் சட்டத்தின்படி அது ஏற்கத்தக்கதா என்று பார்க்கத் தேவையில்லை. அதனால் உதவியாளர் வாராவாரம் கேட்க வேண்டியது: ஏஜென்ட் நோட்டுப் பக்கத்தின் போட்டோ, வாங்கிய கூலி, குழுக்கடன் தவணை, பிள்ளையின் பள்ளி ரசீது. தேதி போட்டு ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்தில் அது வக்கீலுக்குத் தங்கம். கம்பெனியில் வேலை செய்கிறவராக இருந்தால் பி.எஃப். கணக்கு எண்ணும் அதில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்பதும். கணவன் பெயர் அப்படியே கிடப்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

இப்போது அந்தக் கதவு. வழிகாட்டியின் போன் எண் 'டைவர்ஸ் கோச்' என்ற பெயரில் ட்ரூகாலரில் ஏறியிருந்தால், கூப்பிட்டவுடன் மாமியார் கையிலிருக்கும் போனில் அதுதான் எரியும். ஒரே போனை மூன்று பேர் பார்க்கிற வீடுகள் இங்கே சாதாரணம். ஆகவே முதல் பேச்சிலேயே எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நினைவூட்டல் செய்தியில் 'நாளை 7 மணி' என்றிருந்தால் போதும். கட்டணம் ஜி.பேயில் வந்தால் கூட்டு வங்கிக் கணக்கின் அறிக்கையில் பெறுபவர் பெயர் விழும் என்பதையும் மறக்கக் கூடாது. உதவியாளர் அதே ஊர்க்காரராக இருந்தால் சொந்தபந்தம் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். கேட்பது சங்கடம்தான், ஆனாலும் கேட்க வேண்டும். கோப்புகளை அவருடைய சொந்த வாட்ஸ்அப்பில் சேமிக்க விடாதீர்கள். இலவச ஏ.ஐ. செயலியில் பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை ஒட்டி 'சுருக்கிக் கொடு' என்று கேட்கிற பழக்கமும் வேண்டாம். 2023-இல் இந்தியாவுக்கென்று தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது வராவிட்டாலும் இதே பேச்சுதான்.

எதை ஒப்படைக்கக் கூடாது? முதல் போன். அதை வழிகாட்டியே எடுக்கட்டும், அல்லது அன்று இரவே திருப்பிக் கூப்பிடட்டும். அப்படியும் உதவியாளர் எடுக்க நேர்ந்து, எதிர்முனையில் அடிபட்டுக்கொண்டிருப்பவர் இருந்தால், 'வியாழக்கிழமை 6 மணிக்கு வைக்கட்டுமா' என்று கேட்கிற வேளை அல்ல. பெண்கள் உதவி எண் 181, இலவச சட்ட உதவிக்கு 15100. இரண்டும் மேசைக்கு மேலே ஒட்டியிருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. காசு வாங்குவதற்கு முன்பே வழிகாட்டி இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போனால் போகட்டும், ஜோடிக்குக் கூலி வாங்குகிறவரிடம் வக்கீலுக்கும் சேர்த்துக் கறக்க வேண்டியதில்லை.

உதவியாளருக்கு மணிக்கணக்கில் கொடுப்பதா, மாதச் சம்பளமா, ஒரு கோப்புக்கு இவ்வளவா என்பது தனிக் கணக்கு. அது அடுத்த வாரம்.