துளை போதுமா, வெட்டு வேண்டுமா?

நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் குறைந்து செம்பனை வந்து வெகு காலம் ஆகிறது. வேலையின் பளு மட்டும் குறையவில்லை. உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை தூக்க வேண்டும். உர வாளியைச் சுமந்தபடி மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். இந்த வேலை செய்யும் பெண்ணுக்கு அடிவயிற்றில் கட்டி என்று தெரிந்தால், "ஆபரேஷன் செய்தால் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?" என்ற கவலைதான் முந்திக்கொண்டு வரும்.

கட்டிக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தால் தேற ஏறக்குறைய 6 வாரம் ஆகும். லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவைச் சிகிச்சையில் 5 முதல் 12 மில்லிமீட்டர் அளவில் மூன்று, நான்கு துளைகளே போதும். வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிக்கும் அபாயமும் குறைவு. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

சினைப்பைக் கட்டி ஒன்றை எடுப்பதைப் பார்ப்போம். முழு மயக்கத்தில் இருப்பவரின் தொப்புள் அருகே சிறு கீறல் போட்டு, ஸ்பிரிங் வைத்த ஊசி ஒன்றைச் செலுத்துவார்கள். வயிற்றுச் சுவரைத் தாண்டியதும் அதன் மழுங்கிய உள்முனை தானாகவே முன்னே வந்து குடலைக் குத்தாமல் காக்கும். ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரஷ் 1930களில் காசநோயாளிகளின் மார்புக்காக உருவாக்கிய ஊசி இது. அதன் வழியே கரியமில வாயுவை நிரப்பினால் வயிறு மேலெழுந்து உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். கேமரா உறுப்புகளைத் திரையில் பெரிதாகக் காட்டும். சினைப்பையிலிருந்து கட்டியைப் பிரித்துப் பைக்குள் போட்டு, நீரை உறிஞ்சிச் சுருக்கி, அதே துளை வழியாக வெளியே எடுப்பார்கள்.

கண் விழித்ததும் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். உள்ளே தங்கிய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது; அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை அதைத் தோள்வலியாக உணர்கிறது. சில நாளில் சரியாகிவிடும்.

இந்த முறையை வளர்த்ததில் மகப்பேறு மருத்துவர்களின் பங்கு பெரிது. ஜெர்மனியின் கீல் நகரில் அத்துறைப் பேராசிரியரான கூர்ட் செம் 1980இல் குடல்வாலையே இப்படி அகற்றியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1988இல் அமெரிக்காவில் ஹாரி ரைக் கர்ப்பப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் அகற்றிக் காட்டினார். கர்ப்பப்பை இறக்கத்துக்கோ பிறப்புறுப்பு வழியாகவே செய்யும் பழைய முறை உண்டு. அதில் வயிற்றில் கீறலே விழாது.

ஆனால் சிறு துளை எல்லோருக்கும் ஏற்றதல்ல. 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஆரம்பநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு நுண்துளை வழியே சிகிச்சை பெற்றவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் அதிகமாக இருந்தன. கர்ப்பப்பையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுப்பதில், மறைந்திருக்கும் புற்று பரவக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. கட்டி மிகப் பெரிதாகிவிட்டாலோ உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ வயிற்றைத் திறப்பதே பாதுகாப்பாக இருக்கலாம்.

அதனால்தான் சீக்கிரம் போவது முக்கியம். மாதவிலக்கில் கட்டி கட்டியாக உதிரம் போவது, வயிறு பருப்பது, மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரம் படுவது என எதையும் 'பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்' என்று தள்ளிப்போடக் கூடாது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் தரும் வலி மாத்திரை கட்டியைக் கரைக்காது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து கடிதம் வாங்கிச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ போகலாம். மாத்திரையோ ஹார்மோன் சாதனமோ போதுமா, கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காக்க முடியுமா, எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மேல்காயம் ஒரு வாரத்தில் மறைந்தாலும், கர்ப்பப்பை எடுத்த இடத்தில் உள்ளே போட்ட தையல் ஆறப் பல வாரம் ஆகும். அதற்குள் மூட்டை தூக்கினால் தையல் பிரியும் ஆபத்து உண்டு. 2023இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு; சாதாரண நோய் விடுப்பு அதற்குத் தனி. செய்யும் வேலை இன்னதென்று டாக்டரிடம் விளக்கிச் சொல்லி, தேவையான நாளுக்கு எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். துளை சிறிது என்பதற்காக ஓய்வையும் சிறிதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.