பழைய கார் கணக்கு – 6: துண்டுக்குள் ஒரு விலை, திரையில் ஒரு விலை

தென்காசிப் பக்கம் பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் விலை கேட்பதில்லை. "யாரு வண்டி?" என்றுதான் கேட்பார். டாக்டர் வண்டி என்றால் ஒரு மதிப்பு. வாத்தியார் வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் கூட. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எடுப்பார், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும் என்று அர்த்தம். (வாத்தியாரின் மகன் அதே வண்டியில் ஓட்டப் பழகிய கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை.) குற்றாலம் சீசனில் ஓடிய டிராவல்ஸ் வண்டி என்று தெரிந்தால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

சென்ற வாரம் கடன் தவணையைப் பார்த்தோம். இந்த வாரம் விலை. பேசிக் குறைத்து வாங்குவதா, 'ஒரே விலை, பேரம் இல்லை' என்று எழுதிவைத்த இடத்தில் வாங்குவதா?

முதலில் பேரத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். சாலையோரக் கார் கன்சல்டிங் ஒன்று. தகரக் கொட்டகை, வரிசையாகச் சில வண்டிகள், ஒரு மேஜை, மேஜை டிராயருக்குள் சாவிகள். பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவர் மைத்துனரையும் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டி வந்திருக்கிறார். வண்டி 2017 மாடல் வேகன் ஆர்.

"என்ன வெலைக்கு கொடுக்கீங்க அண்ணாச்சி?"

"மூணு தொண்ணூறு. பார்ட்டி கண்டிசனா சொல்லிட்டாரு."

"அப்ப பார்ட்டிகிட்டயே பேசிக்கிடட்டுமா?"

"அதுக்கு நான் எதுக்கு உக்காந்திருக்கேன்? மனசுல உள்ளதச் சொல்லுங்க."

"மூணு இருவது."

கன்சல்டிங்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை. டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். டீ வருவதற்குள் மெக்கானிக் டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழிக்குள் விரல் விட்டுத் துருப் பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்த்தார். கதவுக் கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் வருடக் குறியை ஒவ்வொன்றாகப் படித்தார். இடது பின்கதவில் மட்டும் 2021.

"இது எங்கன இடிச்சது?"

"மாடு குறுக்க வந்துட்டு."

மாட்டுக்குப் பத்தாயிரம், மொட்டையாகிப்போன டயருக்கு எட்டாயிரம் என்று பேச்சு இறங்கி, மூணு அறுபதில் கை கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடிக் கதையை வண்டியின் எந்தக் காகிதமும் சொல்லாது. விலையில் இழுபறி வந்ததால்தான் அது வெளியே வந்தது.

ஆனால் இதே வேகன் ஆருக்கு அடுத்த நாள் ஓர் ஆசிரியை தனியாக வந்து கேட்டிருந்தால்? மூணு எண்பத்தைந்தோடு பேச்சு நின்றிருக்கலாம் என்பது என் எண்ணம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவது, பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காகத்தானே. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்க சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் சிகாகோ நகரின் கார் டீலர்களிடம் ஆட்களை அனுப்பி, எல்லாரையும் ஒரே மாதிரி பேரம் பேசவைத்தார். வெள்ளை ஆண்களுக்குக் கிடைத்த விலை பெண்களுக்கும் கறுப்பினத்தாருக்கும் கிடைக்கவில்லை. கறுப்பினப் பெண்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிக விலை. 1991-ல் அந்த ஆய்வு வெளிவந்தது.

ஒரே விலைக் கடை பிழைப்பது இந்த இடைவெளியில்தான். அமெரிக்காவில் 1993-ல் ரிச்மண்ட் நகரில் தொடங்கிய கார்மேக்ஸ், விலையை வண்டியிலேயே எழுதி ஒட்டியது. விற்பனையாளருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று கமிஷன். விலையை ஏற்றி விற்றாலும் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் வராது. நம் நாட்டில் மாருதியின் ட்ரூ வேல்யூ 2001-லேயே பழைய வண்டிக்குக் கம்பெனி முத்திரை கொடுத்துவிட்டது. 2015-ல் தொடங்கிய ஸ்பின்னி, கார்ஸ்24 போன்றவை விலையை போன் திரைக்கே கொண்டுவந்தன. சோதனைப் பட்டியல், வாரண்டி, பிடிக்காவிட்டால் சில நாளில் திருப்பிக் கொடுக்கும் வசதி எல்லாம் விலையோடு சேர்ந்து வரும். (டயர், பேட்டரி, கிளட்ச் மாதிரி தேயும் சாமான்கள் பெரும்பாலும் வாரண்டியில் சேராது. அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.)

விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் நல்ல விலை கிடைக்காமல் போகும் என்று 1970-ல் எழுதியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப். அவருக்கு 2001-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தத் தெரியாமைக்குப் பெரிய கடை வாரண்டியை ஈடு வைக்கிறது. தென்காசியில் "யாரு வண்டி?" என்ற கேள்வியும் மைத்துனரும் மெக்கானிக்கும் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

இப்போது இரண்டும் கலந்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. வாங்க வருகிறவர் போனை நீட்டி, "சென்னையில இதே மாடல் மூணு நாப்பதுன்னு போட்டிருக்கானே" என்கிறார். கன்சல்டிங்காரரிடம் அதற்கும் பதில் தயார்: "அது வெள்ளத்துல நின்ன வண்டியா இல்லையான்னு போன்ல தெரியுமா?" 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னையைப் பற்றி அப்படிக் கேட்டால் மறுக்க முடியாதுதான். ஆனால் 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதை அவர் லேசாகத் தாண்டிவிடுவார்.

ஒரே விலைக் கடையில் பேரமே நடப்பதில்லை என்றும் நினைக்க வேண்டாம். உங்கள் பழைய வண்டியை அவர்களிடம் விற்றுப் பாருங்கள். ஒரு கீறலுக்கு இவ்வளவு, டயருக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவார்கள். கன்சல்டிங்காரர் வாங்குபவனிடம் பேசுவதை இவர்கள் விற்பவனிடம் பேசி முடித்துவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் மதிப்பிலும் கடன் வட்டியிலும்கூட விலை ஒளிந்துகொள்ளும். ஜி.எஸ்.டி. பதிவு செய்த வியாபாரி தன் லாபத்தின் மீது 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். 2024 டிசம்பர் ஜெய்சல்மர் கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு எல்லாப் பழைய கார்களுக்கும் அதுதான் வீதம். அதுவும் எழுதிய விலைக்குள்தான் இருக்கிறது.

நம் பகுதிக்கு என்று இரண்டு விஷயங்கள். குற்றாலச் சாரல் அருவிக்கு நல்லது, தகரத்துக்கு ஆகாது. ஷெட் இல்லாமல் வாசலில் நின்ற வண்டியென்றால் கதவின் அடி விளிம்பையும் சைலன்சரையும் குனிந்து பாருங்கள். புது பெயின்ட் பளபளத்தால் காந்தம் வைத்துப் பாருங்கள், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது.

இன்னொன்று, புளியரை வழியாக வரும் கே.எல். வண்டி. நாற்பது ஐம்பதாயிரம் மலிவாகச் சொல்வார்கள். என்.ஓ.சி. வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரி கட்டி, டி.என். 76 நம்பருக்கு மாற்றிய பிறகு கணக்குப் போட்டால் அந்த மலிவு பெரும்பாலும் மிஞ்சாது. வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கவும் சட்டத்தில் இடமில்லை.

நான் பார்த்தவரை, பேரம் பேசுகிறவர்கள் பேச வேண்டிய இடத்தில் பேசுவதில்லை. ஐயாயிரம் குறைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவர், ஆர்.சி. என்றைக்குத் தன் பெயருக்கு மாறும் என்று கேட்பதில்லை. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில், புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல், ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்தால், படிவம் 29சி மூலம் அதைத் தெரிவித்து, விற்பவர் தன் பொறுப்பை அந்த வியாபாரி பக்கம் மாற்றிவிடலாம். கொட்டகைக்குப் போனதும் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைசி இருபதாயிரத்தை ஆர்.சி. என் பெயருக்கு வந்த அன்று தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். ஒரே விலைக் கடையில் இதைக் கேட்கவே முடியாது. அங்கே முழுப் பணம் கட்டினால்தான் சாவி. கன்சல்டிங்காரர் முனகுவார், இன்னொரு டீ சொல்வார், பத்தாயிரம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பார். ஒத்துக்கொள்ளலாம். அந்தப் பத்தாயிரத்துக்காகவாவது மாத முடிவுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அவரே போய்விடுவார்.

(தொடரும்)