நம் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய்க்கப்பல்



பிழைப்பு நாடி அரபு நாடுகளுக்குச் சென்ற வாப்பாமார்கள் விடுப்பில் ஊர் திரும்பும்போது, பிள்ளைகளுக்கென்று ஏதேனும் விளையாட்டுப் பொருள் வாங்கி வருவது நம் குடும்பங்களில் உள்ள வழக்கம். அவற்றுள் பெரும்பாலானவை பெட்டி பிரித்த மறுவாரமே கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கி வந்த ஒரு பெட்டி மட்டும் அப்படி ஆகவில்லை. அது எங்கள் கூடத்து மேசையைப் பல மாதங்கள் அடைத்துக் கொண்டிருந்தது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் ஒரு பாடத்தைக் கற்றுத் தந்த பின்னரே நிலைப்பேழைக்குள் சென்று அமர்ந்தது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, நூலால் கயிறு கட்டி அமைக்கும் பாய்க்கப்பல் மாதிரிதான் அது. உங்கள் இல்லத்திலும் அத்தகைய ஒரு கப்பல் உருவாக வேண்டும் என்ற ஆசையால் இதை எழுதுகிறேன்.

எந்தக் கப்பல்?

இத்தகைய மாதிரிகளில் உலகெங்கும் பெயர் பெற்றது ‘கட்டி சார்க்’. அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் இக்கப்பலின் பெரிய பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. உண்மைக் கப்பலின் 96இல் ஒரு பங்கு அளவு அது. அதாவது அங்கே எட்டு அடி, இங்கே ஓர் அங்குலம். முன்னே நீண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து 280 அடி நீளமுள்ள கப்பல், மேசைமேல் ஏறக்குறைய 35 அங்குலமாக அடங்கிவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1869 நவம்பர் 22 அன்று அக்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. சீனத்துத் தேயிலையை லண்டனுக்கு விரைந்து கொண்டு வருவதே அதன் வேலை. ஆனால் அதற்கு ஐந்தே நாட்களுக்கு முன், நவம்பர் 17 அன்று, சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது! நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்குவழி கிடைத்தது. தேயிலை வாணிகம் பாய்க்கப்பல்களின் கையைவிட்டு மெல்ல நழுவியது. கட்டி சார்க் துவண்டுவிடவில்லை. ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றத் தொடங்கி, 1885இல் சிட்னியிலிருந்து லண்டனை 73 நாட்களில் அடைந்து புகழ் பெற்றது. 1954 முதல் லண்டனின் கிரீனிச்சில் உலர்துறையில் நிற்கிறது. 2007இல் பெருந்தீ பற்றியபோது, பாய்மரங்களும் பல பலகைகளும் செப்பனிடுவதற்காக முன்பே கழற்றி வைக்கப்பட்டிருந்ததால் அவை தப்பின. 2012இல் மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

மார்க்கம் அனுமதிக்கிறதா?

நம் தாய்மார்கள் சிலர் இதைக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கப்பல் உயிரற்ற பொருள். உருவங்கள் தீட்டிப் பிழைத்து வந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்து கொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆகவே கப்பல் கட்டுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் இக்கப்பலின் முகப்பில் ஒரு பெண்ணுருவம் உண்டு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதையொன்றில் வரும் நானி என்னும் சூனியக்காரி அவள். அவள் அணிந்திருந்த குட்டைச் சட்டையின் பெயரே கப்பலுக்கும் சூட்டப்பட்டது. அந்த உருவத்தை நாங்கள் ஒட்டவில்லை. பொருத்துமிடம் வெறுமையாகத் தெரிந்ததால், சிறு பிளாஸ்டிக் துண்டை வைத்து அடைத்து, அதன்மேல் கறுப்பு வண்ணம் பூசிவிட்டோம். கப்பலின் அழகுக்கு ஒரு குறையும் நேரவில்லை.

தொடங்கும் முறை

துண்டுகளைச் சட்டத்திலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள். சிறு வெட்டுக்கருவியால் நறுக்கி எடுங்கள். அதற்கு முன் சட்டங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துவது நல்லது. அச்சில் வார்க்கும்போது படிந்த எண்ணெய்ப் பசை நீங்கினால்தான் பசையும் வண்ணமும் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பசை இரு துண்டுகளின் விளிம்புகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே சிறிதளவே போதும்; கூடினால் உருவமே கெட்டுவிடும். சன்னல்களைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். பசையும் கத்தியும் குழந்தைகளின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

உடற்பகுதி இரண்டு பாதிகளாக வரும். அவற்றை ஒட்டி நூலால் கட்டி ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். பாய்மரங்களையும் பிற துண்டுகளையும் ஒட்டும் முன்பே வண்ணம் பூசுங்கள். கயிறு கட்டிய பிறகு தூரிகை நுழைய இடமிராது.

இதுவரை உள்ள வேலையைப் பொறுமையுள்ள எந்தச் சிறுவனும் செய்துவிடுவான். இதற்குப் பிறகுதான் கப்பலின் உயிர்நிலையாகிய கயிற்று வேலை வருகிறது.

இரண்டு வகைக் கயிறுகள்

உண்மைக் கப்பலில் சுமார் 11 மைல் நீளத்துக்குக் கயிறு உண்டு என்றால் நம்புவீர்களா? ஆனால் அத்தனையும் இரண்டே வகையில் அடங்கும். முதல் வகை, நிற்கும் கயிறுகள். இவை பாய்மரத்தை விழாமல் பிடித்து நிறுத்துகின்றன. மரத்தின் உச்சியிலிருந்து முன்னோக்கி இறங்குவது முன்கயிறு. இரு விளிம்புகளுக்கும் இறங்குபவை பக்கக் கயிறுகள். பின்னோக்கிச் சாய்ந்து இறங்குபவை பின்கயிறுகள். இரண்டாம் வகை, ஓடும் கயிறுகள். குறுக்குமரத்தை ஏற்றவும், காற்றுக்கேற்பத் திருப்பவும், பாயை விரிக்கவும், சுருட்டவும் இவை பயன்படுகின்றன.

நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவது வழக்கமாதலால் அவற்றுக்குக் கறுப்பு நூலைப் பயன்படுத்துங்கள். ஓடும் கயிறுகளுக்கு வெளிர்பழுப்பு நூல் பொருத்தம். தையல் நூலில் மேலெழும்பும் பஞ்சிழைகள் சிறிய அளவில் பார்க்கும்போது உண்மைக் கயிறுபோல் தோன்றா. என் துணைவியார்தாம் இதற்கு வழி சொன்னார். நூலைத் தேன்மெழுகின்மேல் இரண்டு முறை இழுத்து, விரலால் நீவிவிட்டால் இழைகள் படிந்துவிடும், முடிச்சும் நழுவாது. முடிச்சின்மேல் நீர் கலந்த வெள்ளைப் பசையை ஊசி முனையால் ஒரு துளி வைத்துவிட்டால் போதும்.

பக்கக் கயிறுகளின் அடியில், மூன்று துளைகள் கொண்ட வட்டக் கட்டைகள் இரண்டிரண்டாக இருக்கும். இவற்றுக்கிடையே ஓடும் சிறு கயிற்றை இறுக்கினால் பெரிய கயிறு இறுகும். அப்பக்கக் கயிறுகளின் குறுக்கே மாலுமிகள் ஏறுவதற்கான படிக்கயிறுகள் கட்டப்படும். நம் அளவுக்கு ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு படி! இதை எங்கள் வீட்டில் செய்து முடித்தவள் பத்து வயது மகள். அவளுடைய மெல்லிய விரல்களுக்கு வாய்த்த பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

நான் செய்த தவறு

அந்த ஆண்டு எனக்குக் கிடைத்தது நாற்பது நாள் விடுப்பு. உறவினர் வீடுகள், திருமணங்கள், நில விவகாரம் என்று நாட்கள் ஓடிவிட்டன. புறப்பட நான்கு நாட்களே இருந்தபோது கப்பல் பாதிதான் முடிந்திருந்தது. முடித்துக் கொடுத்துவிட்டே போக வேண்டும் என்று பிடிவாதம் கொண்டேன். இஷா தொழுகைக்குப் பின், பிள்ளைகள் உறங்கியதும், நடுப் பாய்மரத்தின் ஒரு பக்கத்துக் கயிறுகள் அனைத்தையும் தனியே இழுத்து இழுத்துக் கட்டினேன். மறுபக்கத்தைக் காலையில் கட்டலாம் என்று விட்டுவிட்டுப் படுத்தேன்.

பஜ்ருக்குப் பின் வந்து பார்த்தால், மரத்தின் மேற்பகுதி வில்லாக வளைந்து கிடந்தது! தென்னை ஈர்க்கைவிடச் சற்றே பருத்த பிளாஸ்டிக் அது. இரவு முழுதும் ஒரு பக்கமாக இழுபட்டதில் வளைவு நிலைத்துவிட்டது. “மட்டமான பிளாஸ்டிக்” என்று முணுமுணுத்தேன்.

பதின்மூன்று வயது மகன் குனிந்து பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக் என்ன செய்யும் வாப்பா? நீங்க ஒரு பக்கம் மட்டுமல்லவா இழுத்திருக்கீங்க!” என்றான்.

அவன் சொன்னதே முழு உண்மை. பாய்மரம் தன் வலிமையால் மட்டும் நிற்பதில்லை. எதிரெதிர் இழுப்புகள் சமனாக இருப்பதால் நிற்கிறது. ஆகவே வலப்புறம் ஓர் இணைக் கயிறு கட்டினால், அடுத்ததாக இடப்புறம் ஓர் இணை கட்ட வேண்டும். முன்கயிற்றை இறுக்கினால் பின்கயிறு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அடிமரத்தை முடித்த பின்பே மேல்மரத்துக்குப் போக வேண்டும். நூல் தொய்யாமல் இருந்தால் போதும். வீணைத் தந்திபோல் முறுக்கக் கூடாது.

அன்று காலை, கட்டிய கயிறுகள் அனைத்தையும் நானே கத்தரித்தேன். கப்பலை முடிக்காமலே விமானம் ஏறினேன்.

சுக்கான் இல்லாத கப்பல்

தவறு நேர்ந்த பிறகு மீண்டும் தொடங்குவது எப்படி என்பதை அந்தக் கப்பலின் வரலாறே நமக்குச் சொல்கிறது. 1872இல் ஷாங்காயிலிருந்து லண்டனுக்குத் தெர்மோபிலி என்ற கப்பலோடு கட்டி சார்க் போட்டியிட்டது. முந்திச் சென்று கொண்டிருந்த வேளையில், ஆகஸ்ட் மாதம், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலில் அதன் சுக்கான் முறிந்து போயிற்று. கப்பலில் இருந்த உரிமையாளரின் சகோதரர் ஏதேனும் துறைமுகத்துக்குள் சென்று விடுமாறு வற்புறுத்தினார். தலைவர் மூடி இணங்கவில்லை. அலை மோதும் மேல்தளத்தில் உலை மூட்டி, இரும்பு காய்ச்சி, உபரி மரங்களைக் கொண்டு புதிய சுக்கான் செய்து பொருத்தினார்கள். கட்டி சார்க் 122 நாட்களில் லண்டன் சேர்ந்தது. தெர்மோபிலியோ ஒரு வாரம் முன்னதாகவே சேர்ந்திருந்தது. பந்தயத்தில் தோற்ற கப்பலுக்கே உலகம் பாராட்டு வழங்கியது!

பிள்ளைகள் முடித்த வேலை

இக்கதையைத் தொலைபேசியில் மகனுக்குச் சொன்னேன். அவன் வளைந்துபோன மேல்மரத்தை நீக்கிவிட்டு, மூங்கில் குச்சியைச் சீவி உப்புத்தாளால் தேய்த்து, அதே அளவில் புதிய மரம் செய்தான். அடிமரங்களை ஒட்டும் முன் உள்ளே கம்பி செருகி வைத்திருந்தால் அவையும் இன்னும் உறுதியாக நின்றிருக்கும் என்பதைப் பின்னர் தெரிந்து கொண்டோம். நீங்கள் தொடக்கத்திலேயே செருகிவிடுங்கள்.

ஓடும் கயிறுகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவும், கீழிருந்து மேலாகவும் கட்டிக்கொண்டு போக வேண்டும். முதலில் வெளிக்கயிற்றைக் கட்டிவிட்டால், உள்ளே இடுக்கியின் முனை நுழையாது. கயிற்றின் கடைசி முனையைத் தளத்தின் ஓரத்திலுள்ள முளைகளில் உடனே ஒட்டிவிடாமல் சுற்றி மட்டும் வைத்து, எல்லாம் முடிந்த பின் சமன் பார்த்து ஒட்டுங்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாய்களைப் பொருத்தாமலும் விடலாம். கயிறுகளின் அமைப்பு அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பதினான்கு மாதங்களுக்குப் பின் ஊர் வந்தேன். முன்மரமும் நடுமரமும் நிமிர்ந்து நின்றன. பின்மரத்தில் மட்டும் சில கயிறுகள் கட்டப்படாமல் இருந்தன. “நேரமில்லையா?” என்று கேட்டேன். “அது உங்களுக்காக வைத்தது வாப்பா” என்றாள் மகள். மூவரும் அமர்ந்து, வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று அன்றே கட்டி முடித்தோம்.

நமக்கும் கடலுக்கும்

கடல் நமக்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களின் மரக்காயர் பெருமக்கள் மரக்கலம் செலுத்தி வாணிகம் செய்தவர்கள். ‘சுக்கான்’ என்பது அரபுச் சொல். ‘மாலுமி’ என்பதோ ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. கடலில் வழி காட்டுபவர் ஓர் ஆசிரியர் அன்றோ! பிள்ளைகளோடு கப்பல் கட்டும்போது இச்சொற்களையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடலில் மலைகளைப்போல் செல்லும் கப்பல்களும், அவற்றைச் செலுத்தும் காற்றும் இறைவனின் அத்தாட்சிகள் என்று அஷ்ஷூரா அத்தியாயம் உணர்த்துவதையும் எடுத்துக் கூறுங்கள்.

குடும்பமும் ஒரு பாய்மரம் போன்றதுதான். தூரத்திலிருந்து ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டிருக்கும் வாப்பாமார்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த விடுப்பில் ஒரு பெட்டி வாங்கி வாருங்கள். முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். உடன் அமர்ந்து நான்கு கயிறுகள் கட்டினாலும் போதும். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

வல்ல நாயன் நம் இல்லங்களைச் சமநிலையோடு நிலைநிறுத்தி அருள்வானாக! ஆமீன்.