மரத்தின் சாற்றைக் குடிக்கும் மரங்கொத்தி: மரத்துக்குக் கேடு செய்கிறதா?

மரங்கொத்தி என்றதும், பட்டைக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களைக் கொத்தித் தின்னும் பறவைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வட அமெரிக்காவில் மரத்தின் சாற்றையே குடிக்கும் மரங்கொத்திகளும் இருக்கின்றன. 'சாப்சக்கர்' எனப்படும் இவற்றில் 4 இனங்கள் உண்டு. அவற்றுள் மஞ்சள் வயிற்றுச் சாப்சக்கர் கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே சென்றுவிடும்.

ஆப்பிள் மரத்திலோ பிர்ச் மரத்திலோ வரிசை வரிசையாகத் துளைகளைக் கண்டால் அங்குள்ளவர்கள் பதறுவது இயல்பு. மரம் பட்டுப்போய்விடுமா? இப்போதே வெட்டிவிட வேண்டுமா?

துளை என்ன செய்கிறது?

இலைகள் தயாரிக்கும் சர்க்கரை, பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சாப்சக்கர் அங்கே ஆழமில்லாத துளைகளை இடுகிறது. சாறு நின்றுவிடாதபடி அவற்றை மீண்டும் மீண்டும் கொத்தி, கசிவதைத் தூரிகை போன்ற தன் நாக்கால் நக்கிக் குடிக்கிறது. சாற்றுக்கு வரும் பூச்சிகளையும் தின்கிறது.

சில துளைகள் மட்டும் என்றால் நல்ல மரம் தானே ஆற்றிக்கொள்ளும். துளைகள் நெருங்கி, தண்டைச் சுற்றி முழு வளையமாகிவிட்டால் உணவு செல்லும் வழி அடைபடும். அப்போது மரமோ, துளைக்கு மேலுள்ள பகுதியோ பட்டுப்போகலாம். காயத்தின் வழியே பூஞ்சையும் நுழையலாம்.

எல்லா மரங்களும் ஒன்றுபோல் பாதிக்கப்படுவதில்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வு ஒன்றில், இப்பறவை தாக்கிய சாம்பல் பிர்ச் மரங்களில் 67 சதவீதமும், வெண்பட்டை பிர்ச்சில் 51 சதவீதமும், செம்மேப்பிளில் 40 சதவீதமும் இறந்தன. ஹெம்லாக் மரங்களில் இறந்தவை 1 சதவீதமே. எனினும், ஏற்கெனவே காயப்பட்ட, நலிந்த மரங்களையே இப்பறவை பெரும்பாலும் தேடிச் செல்கிறது. ஆகவே முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது.

பயன் பெறுவோர்

அந்தத் துளைகள் மற்ற உயிர்களுக்கும் உணவிடமாகின்றன. வசந்தத்தில் பூக்கள் மலருமுன்பே வடக்கே வந்துசேரும் செங்கழுத்து ஹம்மிங் பறவைகள் இந்தச் சாற்றைக் குடித்துத்தான் பசியாறுகின்றன. அணில்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அதே இடத்துக்கு வருகின்றன.

என்ன செய்யலாம்?

இப்பறவையைக் கொல்ல அமெரிக்காவில் அனுமதியில்லை. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. துளையுள்ள இடத்தைச் சணல் சாக்கால் தளர்வாகச் சுற்றி வைப்பதே எளிய வழி. அது வழக்கமாகச் சாறு குடிக்கும் ஒரு மரத்தை அப்படியே விட்டுவிடுவதும் நல்லது. அதை வெட்டினால் பறவை அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

எனவே கோடரியை எடுக்குமுன் இரண்டைப் பார்க்க வேண்டும்: அது என்ன மரம், துளைகள் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டனவா? பல மரங்கள் அந்தத் தழும்புகளோடு நெடுங்காலம் நிற்கின்றன.