கணவர் கிழக்கே, மனைவி மேற்கே: வீடு எங்கே எடுப்பது?

நமது நகரசபைப் பகுதியில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில், கணவரும் மனைவியும் காலையில் ஒரே வாசலால் வெளியேறி எதிரெதிர்த் திசைகளில் வேலைக்குச் செல்கின்றனர். ஒருவர் சிட்னி நகர மையத்துக்கோ மக்குவாரி பார்க்குக்கோ போக, மற்றவர் பென்ரித் அல்லது லிவர்பூல் பக்கத்திலுள்ள மருத்துவமனைக்கோ பாடசாலைக்கோ பண்டகசாலைக்கோ செல்கிறார். வீடு தேடும்போது இக்குடும்பங்கள் பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்து, இரண்டு பணியிடங்களுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தெரிவு செய்கின்றன. ஒருவருக்கும் அநீதி இல்லாத முடிவு என்று அது தோன்றும். ஆயினும் தூரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் சுமையும் சரிபாதியாகப் பிரியும் என்று கொள்வதற்கில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணவர் நகர மையத்தில் அலுவலகப் பணியாளர். மனைவி கிங்ஸ்வுட்டிலுள்ள நேப்பியன் மருத்துவமனையில் தாதி. இரண்டு வயதில் ஒரு குழந்தை. மத்திய ரயில் நிலையத்திலிருந்து பென்ரித் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பரமட்டா 23 கிலோமீட்டர். ஆகவே வரைபடத்தின் நடுப்புள்ளி பரமட்டாவை ஒட்டி விழுகிறது. வெஸ்ட்மீட்டோ வென்ட்வொர்த்வில்லோ பொருத்தமென அவர்கள் எண்ணுவது இயல்பே. மேற்கு ரயில் பாதை இரண்டு பணியிடங்களையும் நேராக இணைப்பதால், தொடக்கத்தில் குறை எதுவும் தெரியாது.

குறை தெரிவது நேர அட்டவணையில். கணவர் 8 மணி ரயிலைத் தவறவிட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வரும். பத்து நிமிடத் தாமதத்தை அலுவலகம் பொறுத்துக்கொள்ளும். மனைவியின் பணிமுறை காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. இரவுப் பணியிலிருந்தவர் இவர் வரும்வரை வீடு திரும்ப முடியாது. மாலைப் பணிமுறை முடியும் இரவு வேளையில், நடைமேடையில் தனியே காத்து நிற்க அவர் விரும்பமாட்டார். எனவே அவருக்குக் கார் வேண்டும். கணவருக்கு ரயில் போதும். கிலோமீட்டர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் ஒரே பயணமல்ல.

மேற்கு நோக்கிய பயணத்துக்குச் சில நன்மைகள் இருப்பதையும் கூற வேண்டும். காலையில் எம்4 நெடுஞ்சாலையில் பெரும் நெரிசல் நகரை நோக்கியே செல்கிறது. எதிர்த்திசையில் செல்பவர் ஓரளவு இலகுவாகச் செல்வார். பரமட்டாவுக்கு மேற்கே எம்4-இல் வீதிச் சுங்கக் கட்டணம் இல்லை; கிழக்கே உண்டு. பலர் எண்ணிப் பார்க்காத இன்னொன்று வெயில். காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் வண்டி ஓட்டுபவருக்கு இரு வேளையும் சூரியன் முதுகுப்புறத்தில் இருக்கும். நகரத்துக்குக் கார் ஓட்டுபவர் இரு வேளையும் சூரியனை முகத்தில் வாங்குகிறார். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இத்தம்பதியருக்கான உண்மையான நடுப்புள்ளி வரைபடம் காட்டுமிடத்தில் இராது.

மக்குவாரி பார்க்கும் லிவர்பூலும் பணியிடங்களாக அமைந்த குடும்பத்துக்கு நிலைமை வேறு. வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, மெரிலண்ட்ஸ் ஆகிய நிலையங்களிலிருந்து டி5 கம்பர்லண்ட் பாதை நகரத்துக்குள் நுழையாமலே லிவர்பூலுக்குச் செல்கிறது. பெரும்பாலான நேரங்களில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு ரயிலே வருவதால், ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி போயிற்று. மக்குவாரி பார்க் வரைபடத்தில் அருகில் தெரிந்தாலும், வென்ட்வொர்த்வில்லிலிருந்து நேரடி ரயில் கிடையாது. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒருமுறை, எப்பிங்கில் மறுமுறை மாறி மெட்ரோவில் ஏற வேண்டும். அல்லது பரமட்டாவிலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும், இணைப்பைத் தவறவிடக்கூடிய இன்னோர் இடம். காரில் செல்வோருக்கு எம்2-இல் சுங்கக் கட்டணம் உண்டு. இத்தகைய குடும்பத்தில் எவருடைய வழியில் மாற்றங்கள் அதிகமோ, அவருக்குச் சார்பாக வீட்டை நகர்த்துவதே முறை.

மாலை 6 மணிக்கு யார்?

பிள்ளைகள் உள்ள வீட்டில் இக்கேள்வியே மற்றெல்லாவற்றையும் விட முக்கியமானது. பல சிறுவர் பராமரிப்பு நிலையங்கள் மாலை 6 அல்லது 6.30 மணிக்கு மூடப்படுகின்றன. பிந்தி வருவோரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடும் நிலையங்களும் உள்ளன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நண்பகலிலும் அழைப்பு வரும். இருவரும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் எதிரெதிர் முனைகளில் இருந்தால், அந்த அழைப்புக்கு உடனே வரக்கூடியவர் எவருமில்லை. நடுப்புள்ளியில் வீடு எடுப்பதன் பெருங்குறை இதுவே.

ஒருவரின் பணியிடத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்தால் இச்சிக்கல் தீரும். ஆனால் வேறொன்று தொடங்குகிறது. அருகில் இருப்பவர்மீது பிள்ளையை விடுதல், கூட்டி வருதல், மருத்துவரிடம் காட்டுதல் ஆகிய எல்லாம் சொல்லாமலே வந்து சேர்கின்றன. மறுபுறம், தூரம் செல்பவர் மனைவியாக இருந்தால், ஓரிரு ஆண்டுகளில் அவர் பணிநேரத்தைக் குறைத்துக்கொள்வதையோ வேலையை விட்டுவிடுவதையோ நம்மிடையே காண்கிறோம். அதனைக் குடும்பம் தெரிந்து எடுத்த முடிவென்று கூற முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாளிலேயே, எவரும் வாய்விட்டுப் பேசாமல், அது முடிவாகிவிட்டது. ஆகவே வீட்டைப் பார்க்கப் போகுமுன் இருவரும் அமர்ந்து, வாரத்தின் ஐந்து மாலைகளையும் தாளில் எழுதி, எந்த மாலை யாருடையது என்று பெயர் குறிப்பது நன்று. பெயர் எழுத முடியாத மாலை ஒன்றேனும் இருந்தால், அந்த வீடு உங்களுக்கு உதவாது.

பராமரிப்பு நிலையத்தை எங்கே தெரிவு செய்வது என்பதும் இதனுடன் சேர்ந்ததே. ஒருவரின் அலுவலகத்துக்கு அருகில் பிள்ளையைச் சேர்த்தால், மற்றவரால் ஒருபோதும் கூட்டி வர முடியாது. வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே நடந்து செல்லும் வழியில் அமைந்தால் எவர் முதலில் வந்து இறங்கினாலும் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். எதிரெதிர்த் திசையில் பயணம் செய்வோருக்கு இதுவே பொருத்தமானது என்பது எமது கருத்து. இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கக்கூடும் என்பதால், வீட்டை உறுதி செய்யுமுன் நிலையத்தைக் கேட்டறியுங்கள். அரச ஆரம்பப் பாடசாலைகளுக்குச் சேர்க்கை எல்லைகள் உள்ளன. தெருவின் ஒரு பக்கம் ஒரு பாடசாலைக்கும் மறுபக்கம் இன்னொன்றுக்கும் உரியதாக இருக்கலாம். முகவரிக்குரிய பாடசாலை எதுவென்பதோடு, பாடசாலை நேரத்துக்குப் பின்னான பராமரிப்பு அங்கே உண்டா, அதில் இடம் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

பணமும் நேரமும்

ரயில் கட்டணத்தைப் பொறுத்தவரை தூரம் அத்தனை பெரிய செலவன்று. ஓப்பல் முறையில் வயதுவந்த ஒருவருக்கு வாரக் கட்டணம் 50 டொலர் என்ற உச்சவரம்பு உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை, காலை 6.30 முதல் 10 மணி வரையும் மாலை 3 முதல் 7 மணி வரையும் உள்ள நெரிசல் நேரத்துக்கு வெளியே கட்டணம் 30 சதவீதம் குறைகிறது. வெள்ளிக்கிழமை முழுவதும் இக்குறைப்பு உண்டு. தூரம் வாங்கிக்கொள்வது நேரத்தை. ஒரு வழிக்கு 15 நிமிடம் கூடினால், நாளுக்கு அரை மணி. ஆண்டுக்கு 46 வாரம் வேலை செய்பவருக்கு 115 மணி நேரம். வாரத்துக்கு 38 மணி என்று பார்த்தால், மூன்று வார வேலை நேரம் வழியிலேயே கழிகிறது.

காரில் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மாநில அரசின் திட்டத்தின்படி, சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு வாரத்தில் 60 டொலருக்கு மேல் செலுத்திய சுங்கக் கட்டணத்தை, குறித்த ஓர் எல்லை வரை மீளப் பெறலாம். பணம் தானாக வந்து சேராது, விண்ணப்பிக்க வேண்டும். கணக்கு ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனி. எனவே கணவரின் காருக்கு 50 டொலர், மனைவியின் காருக்கு 50 டொலர் என்று செலவிடும் குடும்பம், 100 டொலர் செலவிட்டும் எதையும் மீளப் பெறாது.

வீட்டை மாற்றுமுன் வேலை நேரத்தை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். பாடசாலை வயதிலோ அதற்குக் குறைந்த வயதிலோ பிள்ளை உள்ளவர், ஒரே வேலைவழங்குநரிடம் 12 மாதங்கள் பணியாற்றியிருந்தால், நெகிழ்வான வேலை ஒழுங்கை எழுத்துமூலம் கோரலாம். வேலைவழங்குநர் 21 நாட்களுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அரை மணி முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிப்பது, சில குடும்பங்களில் மேற்சொன்ன தாளிலுள்ள வெற்று மாலைகளை நிரப்பிவிடும்.

கோயில், தமிழ்க் கடைகள், வார இறுதித் தமிழ்ப் பாடசாலை ஆகியவற்றை வைத்து இடத்தைத் தெரிவு செய்வோர் நம்மில் ஏராளம். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வாரம் ஒருமுறை போகிறோம். வேலைக்கு வாரம் பத்துப் பயணம். இந்த எண்ணிக்கையை மறக்கலாகாது. ஆனால் ஊரிலிருந்து பெற்றோர் வந்து உடன் வாழும் வீட்டில் கணக்கு வேறு. கார் ஓட்டாத முதியவர்களுக்கு, நடந்து செல்லும் தூரத்தில் ஒரு கடையும் பேச ஒருவரும் இல்லாத வீடு, பகல் முழுவதும் அடைபட்ட வீடாகிவிடும்.

இயலுமாயின் முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். வீடு பார்க்கும் சனிக்கிழமையில் வீதி வெறிச்சோடியிருக்கும். வெள்ளிக்கிழமையும் வேலைநாளின் உண்மை நிலையைக் காட்டாது. ஒரு செவ்வாய்க்கிழமை, இருவரும் அவரவர் நேரத்தில், வீட்டு வாசலிலிருந்து பணியிட வாசல் வரை சென்று, மாலையில் திரும்பியும் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் வாடகைப் பிணைத்தொகை நான்கு வார வாடகைக்கு மேற்படலாகாது. மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத நிலையான கால ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், காலத்தின் காற்பங்கு கழியுமுன் நான்கு வார வாடகையும், அரைப்பங்கு கழியுமுன் மூன்று வாரமும், முக்காற்பங்கு கழியுமுன் இரண்டு வாரமும், அதன்பின் ஒரு வாரமும் செலுத்த வேண்டிவரும். இது வருத்தம் தரும் தொகையே. எனினும் பிழையான இடத்தில் வீடு வாங்குவதோடு ஒப்பிட்டால் சிறியது. முதன்முறை வீடு வாங்குவோருக்கு 800,000 டொலர் வரை சொத்துக் கைமாற்ற வரி விலக்கும், 10 இலட்சம் டொலர் வரை சலுகையும் உண்டு. அந்த வீடு பொருந்தாமல் இன்னொன்று வாங்கும்போது அச்சலுகை கிடையாது.

வரவிருக்கும் பாதைகளை நம்பி இன்றைய வீட்டை முடிவு செய்ய வேண்டாம். வெஸ்ட்மீட்டையும் நகர மையத்தையும் இணைக்கும் மெட்ரோ வெஸ்ட் இன்னும் கட்டப்பட்டுவருகிறது. 2032 என்பது அரசு குறித்துள்ள இலக்கு. இன்று இரண்டு வயதான பிள்ளை அதற்குள் பாடசாலை செல்லத் தொடங்கிவிடும்.

பேருந்து, ரயில் நேரங்களுக்கு 131 500; வாடகை உரிமைகள் பற்றி அறிய நியூ சவுத் வேல்ஸ் ஃபெயார் டிரேடிங் 13 32 20; சுங்கக் கட்டணத்தை மீளப் பெறுவதற்குச் சேர்விஸ் என்எஸ்டபிள்யூ 13 77 88. தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறி, தொடர்புகொள்ள வேண்டிய அலுவலகத்தின் எண்ணைக் கொடுக்கலாம்.