காரைத் துடைக்காதீர்கள், குளிப்பாட்டுங்கள்!

ஆடி பிறந்தால் போதும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் கோயமுத்தூரை ஒரு கை பார்த்துவிடும். வாசலில் நிற்கும் கார் மேல் விரலால் கோலமே போடலாம்!

சீட்டுப் பணத்தோடு என் வளையலையும் விற்று வாங்கிய கருநீலக் கார் அது. அவர் வெளியூரிலிருந்து வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவிடலாமே என்று, பழைய நூல் சேலைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கீறல்கள்! எனக்குப் பகீரென்றது.

"துணி கீறலீங்க அம்மணி, தூசியில இருக்கிற மணல்தானுங்க கீறுச்சு. காஞ்ச துணியில தேச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதானுங்க" என்றார் பட்டறைக்காரர். வண்ணத்தைக் காக்கும் மேல்பூச்சு தலைமுடிப் பருமன்கூட இருக்காதாம். அவர் சொன்ன முறை இதுதான்:

1. காரை நிழலில் நிறுத்தி, சூடு ஆறவிடுங்கள்.

2. முதலில் வெறும் தண்ணீரைக் கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊற்றுங்கள். முக்கால்வாசி மணல் தானே இறங்கிவிடும். சிறுவாணித் தண்ணீரை வீணாக்க வேண்டாம்; வாளியும் மக்கும் போதும்.

3. ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை அடிக்கடி அலசி, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். சக்கரத்துக்குத் தனித் துணி.

4. துணி துவைக்கும் சோப்புத்தூள் வேண்டாம். கீழே விழுந்த துணியை அலசாமல் காரில் வைக்காதீர்கள்.

5. நன்றாக அலசிவிட்டு, குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதத்தில் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பாலிஷ் போட்டதில் பாதிக் கீறல் மறைந்தது. மீதியைப் பார்க்கும்போதெல்லாம் என் வளையல் ஞாபகம்தான் வருகிறது. உங்களுக்கு அது வேண்டாம், சகோதரிகளே!